மாணவர்களின் மனக்கவலைக்கு மருந்தாகும் டெலிபோன்!

வயிற்று வலி வந்தால் பிள்ளை அழுகிறது. அம்மா ஓடி வருகிறாள். கஷாயம் வைத்துக் கொடுக்கிறாள். காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டதுமே தெரிந்து விடுகிறது.

மனசு வலித்தால்?

அதைத் தொட்டுப் பார்க்க முடியாது. தெர்மாமீட்டர் வைத்து அளக்கவும் முடியாது. பிள்ளை வாயைத் திறந்து சொன்னால்தான் தெரியும். ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளை லேசில் சொல்லி விடுமா? அப்பாவிடம் சொல்லப் பயம். அம்மாவிடம் சொன்னால் அவள் அழுவாள். வாத்தியாரிடம் சொல்ல வெட்கம். கூட்டாளியிடம் சொன்னால் வகுப்பு முழுவதும் பரவி விடுமோ என்ற சந்தேகம்.

இப்படி உள்ளுக்குள்ளேயே புழுங்கும் மாணவ, மாணவிகளுக்கு இன்று ஒரு துணை இருக்கிறது. அதுதான் டெலிபோன்! நான்கைந்து எண்களை அழுத்தினால் போதும். முன்பின் தெரியாத ஒருவர், "சொல்லுப்பா" என்று கேட்கத் தயாராக இருக்கிறார். இரவிலும் இருக்கிறார். காசும் கேட்பதில்லை.

இந்த ஏற்பாடு எப்படித் தோன்றியது? யார் தொடங்கினார்கள்? தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இது எப்படி உதவுகிறது?

அறியாமை கொன்ற சிறுமி

1935-ம் ஆண்டு. இங்கிலாந்தில் லிங்கன் என்ற ஊர். சாட் வாரா என்ற இளம் பாதிரியார் அங்கே புதிதாக வேலைக்கு வந்திருந்தார். அவர் நடத்தி வைத்த முதல் சவ அடக்கம் ஒரு சிறுமியுடையது. அவளுக்கு வயது 14. அவள் தற்கொலை செய்து கொண்டிருந்தாள்.

காரணம் என்ன? அவள் பெரியவளாகி இருந்தாள். மாதவிலக்கு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தனக்கு ஏதோ கெட்ட நோய் வந்து விட்டது என்று அவள் நினைத்து விட்டாள். யாரிடமாவது கேட்டிருந்தால், ஐந்து நிமிடத்தில் பயம் தெளிந்திருக்கும். கேட்க அவளுக்கு ஆள் இல்லை.

நம் நாட்டில் பெண் பெரியவளானால் மஞ்சள் நீராட்டு நடத்துகிறோம். பந்தல் போடுகிறோம். சொந்தபந்தங்களை அழைத்து விருந்து வைக்கிறோம். ஆனால், உடம்பில் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து விளக்குகிற வீடு எத்தனை?

அந்தச் சிறுமியைப் பாதிரியார் மறக்கவே இல்லை. இளைஞர்களுக்கு உடம்பைப் பற்றியும், குடும்ப வாழ்க்கையைப் பற்றியும் கூச்சமில்லாமல் எடுத்துச் சொல்வதைத் தம் கடமைகளில் ஒன்றாக வைத்துக் கொண்டார்.

தூசி படிந்த டெலிபோன்

18 ஆண்டுகள் கழிந்தன. சாட் வாரா லண்டனுக்கு வந்து விட்டார். அந்த நகரத்தில் நாள்தோறும் மூன்று பேர் தற்கொலை செய்து கொள்கிறார்கள் என்று அவர் அறிந்தார்.

லண்டனில் 1937-ம் ஆண்டிலேயே 999 என்ற நம்பர் வந்து விட்டது. தீப்பிடித்தால் அந்த நம்பருக்குப் போன் செய்யலாம். திருடன் வந்தால் போன் செய்யலாம். விபத்து நடந்தால் போன் செய்யலாம். 'சாக வேண்டும் போல் இருக்கிறது' என்று தவிக்கிறவன் எந்த நம்பருக்குப் போன் செய்வான்? பாதிரியாரின் மனதில் எழுந்த கேள்வி இதுதான்.

செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் என்ற பழைய மாதா கோவில் அவர் பொறுப்பில் வந்தது. அங்கே ஒரு டெலிபோன் வைத்து, மனம் உடைந்தவர்களுடன் பேசுவது என்று முடிவு செய்தார். நம்பர் சுலபமாக நினைவில் நிற்க வேண்டுமே! அந்தக் காலத்து லண்டனில் டெலிபோன் நம்பருக்கு முன்னால் வட்டாரத்தின் பெயர் இருக்கும். அவருடைய வட்டாரம் 'மேன்ஷன் ஹவுஸ்'. அவசர நம்பரான 999-ஐப் போலவே தோன்றும்படி 'மேன்ஷன் ஹவுஸ் 9000' கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்தார்.

கோவிலில் தூசி படிந்து கிடந்த டெலிபோனை எடுத்து ஆபரேட்டரை அழைத்தார். "எனக்கு இந்த நம்பர் வேண்டும்" என்றார். "இப்போது எந்த நம்பரில் இருந்து பேசுகிறீர்கள்?" என்று ஆபரேட்டர் கேட்டார். பாதிரியார் தூசியைத் துடைத்து விட்டுப் பார்த்தார். அதே நம்பர்! அவர் கேட்ட 9000 அவர் கையிலேயே இருந்தது. இப்படி ஒரு கதை சொல்வார்கள்.

1953-ம் ஆண்டு நவம்பர் 2-ந்தேதி அந்த டெலிபோனுக்கு முதல் அழைப்பு வந்தது. அடுத்த மாதமே லண்டன் பத்திரிகை ஒன்று அவரைப் பற்றி எழுதியது. பைபிளில் வரும் நல்ல சமாரியனின் பெயரை அந்தப் பணிக்குச் சூட்டியது. அந்தப் பெயரே நிலைத்தது. 'சமாரிட்டன்ஸ்' என்ற சங்கம் பிறந்தது. சாட் வாரா 2007-ம் ஆண்டு, 95-வது வயதில் காலமானார். சங்கம் இன்றும் நடக்கிறது.

டீ கொடுத்தவர்கள் செய்த அதிசயம்

போன் வந்தது. அதோடு ஆட்களும் நேரில் வந்தார்கள். பாதிரியார் ஒருவர், வந்தவர்களோ பலர். காத்திருந்தவர்களுக்கு டீ கொடுத்து உபசரிக்கத் தொண்டர்கள் சிலர் உதவிக்கு வந்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல. படித்த பண்டிதர்களும் அல்ல. சாதாரண ஜனங்கள்.

காத்திருந்தவர்கள் அந்தத் தொண்டர்களிடம் தங்கள் கதையைச் சொன்னார்கள். தொண்டர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். சிறிது நேரத்தில் பலர் எழுந்து, "மனசு லேசாகி விட்டது. பாதிரியாரைப் பார்க்க வேண்டாம்" என்று சொல்லிப் போய் விட்டார்கள்!

சாட் வாரா இதைக் கவனித்தார். மனம் நொந்து வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் தேவை புத்திமதி அல்ல. தாங்கள் சொல்வதைக் கேட்க ஒரு காது. 1954-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் டெலிபோனில் பேசும் பொறுப்பைத் தொண்டர்களிடமே ஒப்படைத்து விட்டார்.

இன்று உலகம் முழுவதும் நடக்கும் மன ஆறுதல் டெலிபோன்களுக்கு அடிப்படை இந்தப் பாடம்தான். சிலருக்கு டாக்டரும் மருந்தும் வேண்டும். ஆனால், டாக்டரிடம் போவதற்கு முன்பு யாராவது ஒருவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும்.

முகம் தெரியாததே தைரியம்

"பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாததை, எங்கோ இருப்பவரிடம் சொல்வார்களா?" என்று சிலர் கேட்கலாம்.

சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவர் நாளைக்கும் முகத்தில் விழிப்பார். டெலிபோனில் பேசுகிறவர் விழிக்க மாட்டார். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஊரைச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணில் நீர் வந்தாலும் அவர் பார்க்கப் போவதில்லை. பேசப் பிடிக்காவிட்டால் பாதியில் வைத்து விடலாம். வெட்கம் உள்ளவனுக்கு இது பெரிய வசதி. பள்ளிப் பருவத்தில் வெட்கம் இல்லாதவர் யார்?

ரெயிலில் எதிர் ஆசனத்தில் உட்காரும் அன்னியரிடம் சிலர் வீட்டுக் கதை முழுவதையும் கொட்டி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த ஸ்டேஷனில் அவர் இறங்கி விடுவார் என்ற தைரியந்தான் அதற்குக் காரணம். டெலிபோன் தரும் தைரியமும் அதைப் போன்றதுதான்.

இன்னொரு லாபமும் உண்டு. நம் நாட்டில் மனநல டாக்டர்கள் மிகவும் குறைவு. லட்சம் பேருக்கு ஒரு டாக்டர் என்ற கணக்குக்கூட வரவில்லை. அவர்களிலும் பெரும்பாலோர் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். மலை ஊரில் இருக்கும் மாணவி, பஸ் ஏறி ஜில்லா தலைநகரத்துக்குத் தனியாகப் போக முடியுமா? டெலிபோன் அந்தத் தூரத்தைக் குறைக்கிறது.

பிள்ளைகளுக்கென்றே தனி நம்பர்

பெரியவர்களுக்காகத் தொடங்கியது, பின்னர் பிள்ளைகளுக்கும் வந்தது.

1986-ம் ஆண்டு அக்டோபர் 30-ந்தேதி இங்கிலாந்தில் 'சைல்டுலைன்' என்ற நம்பர் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் எஸ்தர் ராண்ட்சன் என்ற டெலிவிஷன் அம்மையார். குழந்தைகள் காசில்லாமல் பேசலாம் என்று டெலிவிஷனில் அறிவித்தார்கள். முதல் இரவில் மட்டும் சுமார் 50 ஆயிரம் முறை அந்த நம்பரை அழைக்க முயற்சி நடந்தது! அத்தனை பிள்ளைகள் அத்தனை நாள் எதையோ மனதில் பூட்டி வைத்திருந்தார்கள் என்பது நாட்டுக்கு அன்றுதான் தெரிந்தது.

நம் நாட்டில் 1996-ம் ஆண்டு மும்பையில் 1098 என்ற நம்பர் வந்தது. டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் முயற்சி அது. அதற்குக் காரணமானவர் ஜெரூ பில்லிமோரியா என்ற பெண்மணி. ரெயில் நிலையங்களில் வாழ்ந்த தெருப் பிள்ளைகள் அவருக்கு அறிமுகம். ஆபத்து என்றால் அந்தப் பிள்ளைகள் அவர் வீட்டுக்கே போன் செய்வார்கள். ஒரு வீட்டு டெலிபோன் எத்தனை பிள்ளைகளுக்குப் போதும்? அதனால்தான் பொது நம்பர் பிறந்தது.

பத்து, ஒன்பது, எட்டு - 1098. எண்ணைத் தலைகீழாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அந்த நம்பர் மறக்காது. அடி உதைக்கு ஆளாகும் பிள்ளை, வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளை, சிறு வயதிலேயே கல்யாணம் பேசப்படும் பெண், தகாத முறையில் யாரோ நடந்து கொள்கிறார்கள் என்று அஞ்சும் பிள்ளை - யாரும் பேசலாம். 2023-ம் ஆண்டு முதல் இந்தச் சேவையை அரசாங்கமே நேரடியாக நடத்துகிறது.

அதே 1986-ம் ஆண்டில் சென்னையில் 'சினேகா' என்ற தொண்டு நிறுவனம் தோன்றியது. நிறுவியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்களின் பேச்சைத் தொண்டர்கள் கேட்பதுதான் அங்கே நடக்கும் வேலை. பரீட்சை முடிவு வரும் நாட்களில் மாணவர்களும் பெற்றோரும் அந்த டெலிபோனை நாடுவது உண்டு.

ரிசல்ட் நாளில் வரும் போன்

தாத்தா காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடிவு பத்திரிகையில் வரும். பக்கம் பக்கமாக வெறும் நம்பர்கள். தன் நம்பர் இல்லை என்றால் பையன் தலை குனிவான். தெருவே, "என்னப்பா, பாஸா?" என்று விசாரிக்கும். இன்று ரிசல்ட் செல்போனுக்கே வந்து விடுகிறது. ஆனால், "எத்தனை மார்க்கு?" என்ற விசாரணை நிற்கவில்லை. உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் அது இன்னும் வேகமாக நடக்கிறது!

2022-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் 13,044 மாணவ, மாணவிகள் தற்கொலை செய்து கொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு கூறுகிறது. ஒரு நாளைக்கு 35 பேருக்கு மேல்! இதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் உண்டு. கல்லூரி மாணவர்களும் உண்டு. பரீட்சை மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. வீட்டுச் சண்டை, நோய், காதல், கேலி, கடன் என்று பல சுமைகள் ஒன்று சேர்ந்து அழுத்துகின்றன. மனச்சோர்வு என்ற நோய் பல பேரிடம் மறைந்திருக்கிறது. பரீட்சை முடிவு சில வேளைகளில் கடைசிச் சுமையாகி விடுகிறது.

தமிழ்நாட்டில் 104 என்பது அரசின் மருத்துவ உதவி நம்பர். மாணவர்களும் அதில் பேசலாம். அண்மை ஆண்டுகளில் இங்கே ஒரு புதிய முறை வந்திருக்கிறது. மாணவன் போன் செய்யட்டும் என்று காத்திருக்காமல், ஆலோசகர்களே மாணவனுக்குப் போன் செய்கிறார்கள்!

பிளஸ்-2 தேர்வில் தேறாதவர்களின் பட்டியலைக் கல்வி இலாகா கொடுக்கிறது. ஆலோசகர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து பேசுகிறார்கள். 2021-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 'நீட்' தேர்வு எழுதிய தமிழக மாணவர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் இப்படிப் பேசும் பணி தொடங்கப்பட்டது.

இது ஏன் முக்கியம்? மிகவும் நொந்து போனவனுக்குப் போனைக் கையில் எடுக்கும் தெம்புகூட இருக்காது. 'என்னால் யாருக்கும் தொல்லை வேண்டாம்' என்று ஒதுங்கிக் கொள்வான். அப்படிப்பட்டவனைத் தேடி ஒரு குரல் போக வேண்டும்.

அந்தக் குரல் சொல்லும் செய்திகளில் ஒன்று, துணைத் தேர்வு. முன்பெல்லாம் ஒரு பாடத்தில் தவறினால் ஒரு வருடம் வீணாகும். இன்று சில வாரங்களிலேயே மறுபடியும் எழுதலாம். அதே ஆண்டில் கல்லூரிக்கும் போகலாம். 'எல்லாம் முடிந்தது' என்று நினைக்கும் பையனுக்கு, 'இன்னும் முடியவில்லை' என்று காட்டுவதற்குத் துணைத் தேர்வின் தேதி ஒன்றே போதும்.

கேரளத்தில் ஒரு 'சிரி'

கொரோனா காலத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டார்கள். விளையாட்டு இல்லை. கூட்டாளி இல்லை. அந்த நாட்களில் கேரளத்தில் பல பிள்ளைகள் உயிரை மாய்த்துக் கொண்டார்கள். அரசாங்கம் திடுக்கிட்டது.

2020-ம் ஆண்டு ஜூலை மாதம் கேரளப் போலீசார் ஒரு டெலிபோன் சேவையைத் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் 'சிரி'! மலையாளத்திலும் 'சிரி' என்றால் சிரிப்புதான்.

கேரளப் பள்ளிக்கூடங்களில் 'மாணவர் போலீஸ் படை' 2010-ம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அதில் இருந்த மாணவ, மாணவிகளுக்குப் பயிற்சி கொடுத்து இந்தச் சேவையில் சேர்த்தார்கள். மனதில் வருத்தம் உள்ள பிள்ளை போன் செய்தால், இன்னொரு பிள்ளையே பேசும்! விஷயம் பெரிதாகத் தெரிந்தால் மனநல நிபுணரிடம் ஒப்படைக்கும்.

ஒரு பையனின் கஷ்டம் இன்னொரு பையனுக்குச் சட்டென்று விளங்கும். "இந்த வயசில் உனக்கு என்னடா கவலை?" என்று அவன் கேட்க மாட்டான். பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி அது. அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் பிள்ளையின் வாய் மூடிக் கொள்ளும்.

14416 - போன் செய்தால் என்ன நடக்கும்?

2022-ம் ஆண்டு அக்டோபர் 10-ந்தேதி உலக மனநல நாள். அன்று மத்திய அரசு 'டெலி மானஸ்' என்ற சேவையைத் தொடங்கியது. நம்பர் 14416. இந்தியாவில் எந்த மூலையில் இருந்தும் பேசலாம். கட்டணம் இல்லை. பகல், இரவு எந்த நேரமும் உண்டு. தமிழ் உள்பட 20 மொழிகளில் பேசலாம். பெங்களூரில் உள்ள 'நிம்ஹான்ஸ்' மனநல ஆஸ்பத்திரி இதற்குத் தலைமை தாங்குகிறது. 2025-ம் ஆண்டுக்குள் இந்தச் சேவைக்கு வந்த அழைப்புகள் 20 லட்சத்தைத் தாண்டி விட்டன.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பேசுகிறாள் என்று வைத்துக் கொள்வோம். நம்பரை அழுத்துகிறாள். பதிவு செய்த குரல் ஒன்று, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அதன்படி எண்ணை அழுத்துகிறாள். பயிற்சி பெற்ற ஆலோசகர் வருகிறார்.

"சொல்லும்மா, என்ன விஷயம்?"

"ஒண்ணும் இல்லக்கா... படிக்க முடியல. ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது."

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

இப்படித்தான் பேச்சு தொடங்கும். ஆலோசகர் திட்ட மாட்டார். அவசரப்படுத்த மாட்டார். சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி, வீட்டில் யார் யார், பள்ளிக்கூடத்தில் யாராவது தொல்லை தருகிறார்களா என்று மெல்ல மெல்ல விசாரிப்பார். 'செத்துப் போகலாம் என்று தோன்றியது உண்டா?' என்றும் நேராகவே கேட்பார்.

இந்தக் கேள்வியைக் கண்டு பெற்றோர் பயப்பட வேண்டாம். கேட்பதனால் இல்லாத எண்ணம் வந்து விடாது. கேட்டால்தான் உள்ளே இருக்கும் எண்ணம் வெளியே வரும். டாக்டர்கள் உறுதியாகச் சொல்லும் விஷயம் இது.

பேசியதிலேயே பாரம் குறைந்தால் நல்லது. மேலும் உதவி வேண்டும் என்று தெரிந்தால் ஆலோசகர் மனநல நிபுணரிடம் பேச்சை மாற்றிக் கொடுப்பார். நேரில் பார்க்க வேண்டும் என்றால் பக்கத்தில் உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவார்.

"ஊருக்குத் தெரிந்து விடுமே!" என்று அஞ்சத் தேவை இல்லை. பேசியதை ரகசியமாக வைப்பது இந்தச் சேவையின் முதல் விதி. உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் மட்டும், காப்பாற்றுவதற்குத் தேவையானவர்களிடம் சொல்வார்கள்.

"போலீஸ் வருமா?" என்பது இன்னொரு பயம். தற்கொலைக்கு முயன்றால் வழக்கு என்பது பழைய காலம். 2017-ம் ஆண்டு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று கூறியது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவு இல்லை. எனவே, பிள்ளைக்காக உதவி கேட்க எந்தப் பெற்றோரும் தயங்க வேண்டியதில்லை.

சுவரில் எழுத வேண்டிய நம்பர்

இத்தனை நம்பர்கள் இருந்தும், பல பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாத மருந்து எப்படி நோயைத் தீர்க்கும்?

2025-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பைக் கூறியது. விசாகப்பட்டினத்தில் 'நீட்' தேர்வுக்குப் படித்து வந்த 17 வயது மாணவியின் மரணம் பற்றிய வழக்கு அது. நாட்டில் உள்ள எல்லாக் கல்வி நிலையங்களுக்கும் அந்தத் தீர்ப்பில் 15 வழிமுறைகளைக் கோர்ட்டு வகுத்தது. பள்ளிக்கூடம், கல்லூரி, டியூஷன் நிலையம், விடுதி எல்லாம் இதில் அடங்கும்.

100 மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால், தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி கொடுக்க வேண்டும். டெலி மானஸ் போன்ற உதவி நம்பர்களை வகுப்பறையிலும் விடுதியிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். இவை அந்த வழிமுறைகளில் சில.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தில் இந்த நம்பர் எழுதப்பட்டிருக்கிறதா? அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது சுவரைப் பாருங்கள். இல்லையென்றால் தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு டப்பா பெயிண்டு போதும்.

நம்பரை எழுதுவதோடு ஆசிரியரின் வேலை முடிந்து விடாது. நன்றாகப் படித்த மாணவன் திடீரென்று பின்தங்கினால், கலகலப்பாக இருந்த பெண் கடைசி பெஞ்சில் ஒதுங்கினால், அதை முதலில் காண்பவர் ஆசிரியர்தான். டெலிபோனுக்குக் காது உண்டு, கண் இல்லை. அந்தக் கண்ணாக ஆசிரியர் இருக்க வேண்டும்.

செல்போனே வினையானால்?

"எல்லாக் கஷ்டத்துக்கும் இந்த செல்போன்தான் காரணம். அதையே மருந்து என்கிறார்களே!" என்று பெற்றோர் சிலர் கோபிக்கலாம்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு பிள்ளையைப் பற்றிக் கேலிப் படம் வரைந்து செல்போனில் பரப்புகிறார்கள். பெண் பிள்ளைகளின் போட்டோவைத் தவறாக உபயோகித்து மிரட்டுகிறார்கள். முன்பு பள்ளிக்கூட மணி அடித்தால் கேலியும் முடிந்து விடும். இன்று அது வீடு வரைக்கும், படுக்கை வரைக்கும் துரத்தி வருகிறது. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதை 2025-ம் ஆண்டு டிசம்பர் 10-ந்தேதி முதல் சட்டமே தடுத்து விட்டது.

கத்தி காய் நறுக்கவும் உதவும், விரலையும் வெட்டும். செல்போனும் அப்படித்தான். பிள்ளை மிரட்டலுக்கு ஆளானால், "போனை ஏன் எடுத்தாய்?" என்று பிடுங்கி வைப்பது முதல் வேலையாக இருக்கக் கூடாது. அப்படிச் செய்தால் அடுத்த தடவை பிள்ளை சொல்லாது. உதவிக்குப் பேசும் வழியும் அடைபட்டு விடும்.

இன்னொரு புதுமையும் வந்திருக்கிறது. கேள்வியை எழுதினால் கம்ப்யூட்டரே பதில் எழுதுகிறது! இரவு இரண்டு மணிக்கும் அது இனிமையாகப் பேசும். பல பிள்ளைகள் மனக்குறையை அதனிடம் சொல்லத் தொடங்கி இருக்கிறார்கள். பாடத்தில் சந்தேகம் கேட்கலாம். ஆனால், உயிர் ஊசலாடும் வேளையில் அதை நம்பி இருக்க முடியாது. அது தவறாகவும் சொல்லும்; நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டவும் செய்யும். வீட்டுக் கதவைத் தட்ட அதனால் முடியாது. தோளைத் தொட்டு, "வா, டாக்டரிடம் போகலாம்" என்று அழைக்கவும் அதனால் முடியாது. சாட் வாராவின் டெலிபோனுக்குப் பின்னால் மனிதர் இருந்தார். 14416-க்குப் பின்னாலும் மனிதர் இருக்கிறார்.

பெற்றோர் செய்ய வேண்டியது

பிள்ளையின் மனக்கவலையைக் கண்டு கொள்ளச் சில அடையாளங்கள் உண்டு. தூக்கம் மாறும். பசி குறையும். பிடித்த விளையாட்டும் பிடிக்காமல் போகும். காரணம் இல்லாமல் எரிந்து விழும். ஆசையாக வைத்திருந்த பொருளை யாருக்காவது கொடுத்து விடும். "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பது போலப் பேசும். இதை விளையாட்டுப் பேச்சு என்று தள்ளி விடக் கூடாது.

அப்போது என்ன செய்வது? பக்கத்தில் உட்காருங்கள். டெலிவிஷனை நிறுத்துங்கள். "என்னடா ராஜா, முகம் வாட்டமா இருக்கே?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பரவாயில்லை, நாளைக்கும் கேளுங்கள். பிள்ளை பேசத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள். "எங்கள் காலத்தில் நாங்கள் படாத கஷ்டமா?" என்று தொடங்காதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கை இழுக்காதீர்கள். ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

உங்களிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் வேறு ஒருவரிடம் சொல்லட்டும். அதில் உங்களுக்குக் கௌரவக் குறைவு இல்லை. "அப்பாகிட்ட சொல்ல முடியலைன்னா இந்த நம்பர்ல பேசு. நான் என்னன்னு கேட்க மாட்டேன்" என்று நீங்களே சொல்லி, கொஞ்ச நேரம் போனைக் கொடுத்து விட்டு வெளியே போங்கள். வீட்டில் ஒரே போன்தான் இருக்கிறது என்றால், பிள்ளைக்கு அந்தத் தனிமை நீங்கள் கொடுத்தால்தான் கிடைக்கும். பெற்றோரும் இந்த நம்பர்களில் பேசி யோசனை கேட்கலாம்.

மனநல உதவி: 14416. தமிழக மருத்துவ உதவி: 104. குழந்தைகள் உதவி: 1098. சென்னை சினேகா: 044-24640050.

நம் வீடுகளில் தினசரி காலண்டர் தொங்குகிறது. பால் கணக்கு, கியாஸ் சிலிண்டர் வந்த தேதி எல்லாம் அதன் ஓரத்தில் எழுதுகிறோம். இந்த நான்கு நம்பர்களையும் அதன் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். யாருக்காக என்று சொல்ல வேண்டாம். தேவைப்படும் பிள்ளையின் கண்ணில் அது படும்.